கம்பி நேராக்கும், காப்பது யார்?

"ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி" என்பது நம் முன்னோர் வாக்கு. ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் மென்று பல் துலக்கிய காலம் போய், பற்பசையும் பிரஷும் வீட்டுக்கு வீடு வந்து வெகுநாளாகிறது. இப்போது அவற்றோடு இன்னொன்றும் வந்திருக்கிறது. அதுதான் பல்லுக்குப் போடும் கிளிப். ஒரு காலத்தில் பட்டணத்து வசதியான வீட்டுப் பிள்ளைகளிடம் மட்டுமே காணப்பட்ட இந்தக் கம்பி, இன்று பேட்டையிலும் டவுணிலும் பாளையங்கோட்டையிலும் பள்ளி செல்லும் பெண்பிள்ளைகளின் வாயில் சர்வ சாதாரணமாக மின்னுகிறது. காலை வழிபாட்டுக்கு வரிசையில் நிற்கும் முகங்களைப் பார்த்தாலே இது விளங்கும்.

இதைக் குறித்து என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாயைச் சுத்தமாக வைத்துக்கொள்ளப் பழகாத பிள்ளைக்குக் கிளிப் போடக்கூடாது. முதலில் பழக்கம், பிறகுதான் கம்பி. அவ்வாறு பழகிய பிள்ளைக்குக் கிளிப் போட்ட பின், அவள் தன் பல்லைக் காத்துக்கொள்ள வேண்டிய நேரத்தையும் துணையையும் வீடும் பள்ளியும் தர வேண்டும். இது கண்டிப்பான பேச்சாகத் தோன்றலாம். காரணத்தைக் கேட்டபின் முடிவு செய்யுங்கள்.

கம்பி செய்யும் வேலை

கோணல் பல்லை நேராக்க வேண்டும் என்ற ஆசை இன்று நேற்று வந்ததன்று. பிரான்சு நாட்டுப் பல் மருத்துவர் பியர் ஃபோஷார் 1728-ல் வெளியிட்ட பல் மருத்துவ நூலில், குதிரை லாடம் போல் வளைந்த உலோகத் தகட்டில் பற்களைக் கட்டி இழுக்கும் முறையை விவரித்திருக்கிறார். அமெரிக்காவில் எட்வர்ட் ஆங்கிள் என்பவர் 1899-ல் பல் வரிசைக் கோளாறுகளை வகை பிரித்துக் காட்டி, இந்த மருத்துவத்தை ஒரு தனித்துறையாக வளர்த்தார். பின்னர் 1955-ல் மைக்கேல் புவனோகோர் என்ற பல் மருத்துவர், பல்லின் மேற்பரப்பை மெல்லிய அமிலத்தால் பக்குவப்படுத்தினால் அதன்மேல் பிசினை உறுதியாக ஒட்டலாம் என்று கண்டார். அதன் பயனாகவே இன்று ஒவ்வொரு பல்லையும் சுற்றி உலோகப் பட்டை மாட்டாமல், முன்புறத்தில் சிறு துண்டை ஒட்டி, அதன் வழியே கம்பியை ஓட்ட முடிகிறது.

கம்பி பல்லை எப்படி நகர்த்துகிறது? பல் எலும்பில் ஆணி போல் அறையப்பட்டதன்று. வேருக்கும் எலும்புக்கும் இடையே மெல்லிய நார்கள் இருக்கின்றன. கம்பி மெதுவாக அழுத்தும்போது, அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பு கரைந்து வழிவிடுகிறது. மறுபக்கத்தில் புது எலும்பு வளர்ந்து இடத்தை நிரப்புகிறது. மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுக்கே பல் நகரும். அதனால்தான் சிகிச்சைக்கு ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு என்று ஆகிறது. அவசரப்பட்டு முறுக்கினால் வேர் கெடும். ஆகவே, இது பொறுமையின் மருத்துவம்.

கம்பிக்கு அருகே நடப்பது என்ன?

நம் தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர் இருக்கிறது. ஏறக்குறைய 3000 ஆண்டுகளுக்கு முற்பட்ட முதுமக்கள் தாழிகளை அங்கே தோண்டி எடுத்தார்கள். அத்தாழிகளில் மண்டை ஓடுகளும் பற்களும் கிடைத்தன. தசை போயிற்று, பெயர் போயிற்று. பல் மட்டும் நிலைத்திருக்கிறது. மனித உடலிலேயே மிகக் கடினமான பொருள் பல்லின் மேல் பூச்சாகிய எனாமல்தான். அத்தனை யுகம் மண்ணில் கிடந்தும் அழியாத அந்தப் பூச்சு, உயிருள்ள வாயில் ஒரே ஆண்டில் சொத்தையாகிப் போவது எதனால்?

நாம் உண்ணும் சர்க்கரையை வாயிலுள்ள நுண்ணுயிர்கள் தின்று அமிலமாக்குகின்றன. அந்த அமிலம் எனாமலிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது. உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, கரைந்த சத்தை மீண்டும் சேர்க்க முயல்கிறது. அதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வேண்டும். எனாமலுக்கு உயிரணு கிடையாது. ஆகையால் குழி விழுந்துவிட்டால் அது காயம் போல் ஆறி மூடாது.

சாதாரண வாயில் நாக்கும் உதடும் உமிழ்நீரும் பல்லின் முன்பரப்பை ஓரளவு துடைத்துக்கொண்டே இருக்கும். கிளிப் போட்ட வாயிலோ ஒவ்வொரு பல்லிலும் ஒரு மேடு, அதன்மேல் ஒரு கம்பி, கம்பியைப் பிடித்துக்கொள்ள ஒரு ரப்பர் வளையம் என்று பொருள்கள் நிற்கின்றன. வெள்ளம் வடிந்தபின் ஆற்றின் நடுவே நிற்கும் மண்டபத் தூணில் சருகும் செத்தையும் சுற்றிக்கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல இட்லித் துணுக்கும் மிக்சர் தூளும் கிளிப்பைச் சுற்றி அடைந்துகொள்ளும். சரியாகத் துலக்காவிட்டால் ஒரு மாதத்திலேயே கிளிப்பைச் சுற்றி எனாமல் வெளுக்கத் தொடங்கும். ஈறு வீங்கும், துலக்கினால் இரத்தம் வரும், வாய் நாறும்.

வேதனை என்னவென்றால், கிளிப் இருக்கும்வரை இந்த வெள்ளைத் திட்டு பெரும்பாலும் கண்ணுக்குப் படுவதில்லை. இரண்டாண்டு கழித்துக் கம்பியைக் கழற்றும் நாளில், நேரான பல் வரிசையில் சதுரம் சதுரமாகத் திட்டுகள் தெரியும். அவை முழுதும் மறைவது அரிது. நேராக நிற்கும் சொத்தைப் பல்லைவிட, சற்றே கோணலாக நிற்கும் நல்ல பல் ஆயிரம் மடங்கு மேல். ஆதலால்தான் முதலில் பழக்கம் என்கிறேன். பொறுப்புள்ள பல் மருத்துவர்களும் ஈறு வீங்கிய, அழுக்குப் படிந்த வாயைக் கண்டால், "முதலில் இதைச் சுத்தம் செய்து வா" என்று திருப்பி அனுப்புவார்கள். அந்த மருத்துவரிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவரே உங்கள் நண்பர்.

துலக்கும் முறை

மாணவிகளே! கிளிப் போட்ட பல்லுக்கு உமிக்கரி, செங்கல் பொடி, விரல், வேப்பங்குச்சி எதுவும் ஆகாது. விரல் இடுக்கில் நுழையாது. பொடி எனாமலைத் தேய்க்கும். குச்சி கிளிப்பைப் பெயர்க்கும். பெரியோர் சொன்ன உறுதி குச்சியில் மட்டும் இல்லை. தினமும் தவறாமல் துலக்கிய ஒழுங்கில் இருந்தது. அந்த ஒழுங்கை நாம் வைத்துக்கொள்வோம், கருவியை மாற்றிக்கொள்வோம்.

மென்மையான நார்களுள்ள பிரஷை எடுங்கள். கண்ணாடி முன் நில்லுங்கள். முதலில் ஈறும் பல்லும் சேரும் ஓரத்தில் பிரஷைச் சாய்த்து வைத்து மெல்லச் சுழற்றுங்கள். அடுத்து கிளிப்பின் மேற்புறம். அதன்பின் கிளிப்பின் கீழ்ப்புறம். பிறகு பல்லின் உட்புறம், மெல்லும் பரப்பு, கடைசியில் நாக்கு. கம்பிக்கும் பல்லுக்கும் இடையே நுழைவதற்கென்றே பாட்டில் கழுவும் பிரஷைப் போன்ற மிகச் சிறிய பிரஷ் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. நாளுக்கு ஒரு முறையேனும் அதைப் பயன்படுத்துங்கள். கிளிப் இல்லாதவர்களுக்கு இரண்டு நிமிடம் போதும். உங்களுக்கு நான்கைந்து நிமிடம் வேண்டும். பிரஷின் நார்கள் கம்பியில் உராய்ந்து சீக்கிரம் விரிந்துவிடும். விரிந்ததும் மாற்றிவிடுங்கள், மூன்று மாதம் ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

எத்தனை முறை துலக்குவது? காலையிலும் இரவிலும் கட்டாயம். மதியச் சாப்பாட்டுக்குப் பின்னும் ஒரு முறை துலக்கினால் மிக நன்று. இயலாவிட்டால் தண்ணீரால் பலமாகக் கொப்பளிக்கவாவது வேண்டும். மூன்றிலும் முக்கியமானது இரவுதான். தூங்கும்போது உமிழ்நீர் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. காவலாளி உறங்கும் வீட்டில் திருடனுக்குக் கொண்டாட்டம் அல்லவா?

பற்பசை ஃபுளோரைடு கலந்ததாக இருக்கட்டும். "ஃபுளோரைடு கெடுதல் என்கிறார்களே" என்று சில பெற்றோர் கேட்பதுண்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் அது மிகுதியாக இருந்து, மக்களின் பல்லில் கறை படிந்ததும் எலும்பு பாதிக்கப்பட்டதும் உண்மை. அங்கே காவிரி நீரைக் கொண்டு செல்லும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கிவைக்கப்பட்டதற்கு அதுவே காரணம். ஆனால் ஆண்டுக்கணக்கில் விழுங்கும் நீர் வேறு. துலக்கித் துப்பிவிடும் பற்பசை வேறு. பற்பசையிலுள்ள சிறிதளவு ஃபுளோரைடு எனாமலை வலுப்படுத்தும். துலக்கியபின் நுரையைத் துப்பிவிடுங்கள். உடனே தண்ணீர் விட்டுப் பலமுறை கொப்பளித்து, பல்லில் தங்கிய மருந்தை எல்லாம் கழுவிவிடாதீர்கள்.

வாய்க்கு ருசி, பல்லுக்குப் பகை

இனி உணவைப் பார்ப்போம். நெல்லைச் சீமையில் பிறந்தவர்களிடம் அல்வாவைத் தொடாதே என்று சொல்வது பாவம். ஆனால் உண்மையைச் சொல்லாமல் இருக்க முடியாது. கோதுமைப் பாலும் சர்க்கரையும் நெய்யும் சேர்ந்து கிண்டிய அந்தப் பண்டம் தொண்டையில் வழுக்கிக்கொண்டு போகும். அதில் ஒரு பகுதி கம்பி இடுக்கில் தங்கிவிடும். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற பெருமைக்குரியது. ஆயினும் கிளிப் போட்ட பல்லால் அதைக் கடித்தால் கிளிப் பெயர்ந்து கையில் வரும். முறுக்கு, சீடை, ஐஸ்கட்டி, பொங்கல் கரும்பு, பனங்கிழங்கு, முழுக் கொய்யா, பள்ளி வாசலில் விற்கும் சவ்வுமிட்டாய் எல்லாம் இதே வகுப்பைச் சேர்ந்தவை. ஒரு கிளிப் பெயர்ந்தால் அந்தப் பல் மறுபடி ஒட்டும்வரை நகராது. சிகிச்சை அத்தனை நாள் நீளும்.

எல்லாவற்றையும் விட்டுவிடச் சொல்லவில்லை. கொய்யாவைச் சிறு துண்டாக நறுக்கிக் கடைவாய்ப் பல்லால் மெல்லுங்கள். கரும்பைச் சாறாக்கிச் சாப்பாட்டோடு குடியுங்கள். நுங்கு, வாழைப்பழம், ஆப்பம், இடியாப்பம், நம் ஊர்ச் சொதி இவை எல்லாம் கிளிப்புக்குத் தோழர்கள். சாம்பாரின் மஞ்சள் ரப்பர் வளையத்தில் ஏறுகிறதே என்று கவலைப்பட வேண்டாம். அது வளையத்தின் நிறந்தானே தவிர, பல்லின் கேடு அன்று.

அல்வாவுக்கும் ஒரு வழி உண்டு. சர்க்கரையின் அளவைவிட, அது எத்தனை முறை வாய்க்குள் போகிறது என்பதே பல்லுக்கு முக்கியம். சுவீடன் நாட்டு விப்பெஹோல்ம் நிலையத்தில் 1945 முதல் சில ஆண்டுகள் நடந்த ஆராய்ச்சி இதைக் காட்டியது. சாப்பாட்டோடு இனிப்பு உண்டவர்களுக்குச் சொத்தை அவ்வளவாகக் கூடவில்லை. இடைவேளைகளில் ஒட்டும் மிட்டாய் தின்றவர்களுக்கோ மளமளவென்று கூடியது. அறிவு வளர்ச்சி குன்றிய எளிய மனிதர்களிடம், அவர்கள் சம்மதமே இல்லாமல் நடத்திய சோதனை அது; அந்த முறை கண்டிக்கத்தக்கது. அவர்கள் பல்லை இழந்து நமக்குக் கிடைத்த பாடத்தை நாமாவது வீணாக்காதிருப்போம். ஆகவே அல்வா வேண்டுமானால் சாப்பாட்டு வேளையில் ஒரு முறை உண்டு, பின் துலக்கிவிடுங்கள். பையில் வைத்துக்கொண்டு பாடவேளைக்குப் பாடவேளை ஒரு துண்டு என்பதுதான் கேடு. தவக்காலத்தில் நாற்பது நாள் எதையாவது ஒறுக்க நினைக்கும் பிள்ளைகள், இந்த இடைத்தீனியை ஒறுத்துப் பாருங்கள். ஆன்மாவுக்கும் நன்மை, பல்லுக்கும் நன்மை.

வலியும் கேலியும்

கம்பியை முறுக்கிய இரண்டு மூன்று நாட்கள் பல் கூசும், வலிக்கும். வலிக்கிறது என்று துலக்காமல் விடுவதுதான் பலர் செய்யும் பிழை. வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டுக் கொப்பளியுங்கள். கஞ்சி, குழைந்த சோறு என்று மென்மையாக உண்ணுங்கள். கிளிப் உரசிக் கன்னத்தில் புண் வந்தால், அதற்கென்று தரும் மெழுகை உருட்டி அதன்மேல் ஒட்டுங்கள். கம்பி நுனி குத்தினால் நகம் வெட்டியால் வெட்டாதீர்கள், மருத்துவரிடம் போங்கள். புண் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாவிட்டால் கட்டாயம் காட்ட வேண்டும்.

திருச்சபையில் பல்வலிக்காரருக்குப் பாதுகாவலியாக வணங்கப்படும் புனித அப்பொல்லோனியாவை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? ஏறத்தாழ கி.பி. 249-ல் எகிப்து நாட்டு அலெக்சாந்திரியா நகரில், விசுவாசத்தை மறுக்க மாட்டேன் என்று நின்ற அந்த அம்மையாரின் பற்களைக் கலகக்காரர்கள் அடித்து நொறுக்கினார்கள். பிப்ரவரி 9 அவருடைய திருநாள். நம் வலி அவர் பட்ட வலியில் தூசிக்கும் காணாது. முறுக்கிய நாளின் இரவில் அவரை நினைத்துக்கொண்டு பிரஷை எடுங்கள்.

பல்லின் வலியைவிடப் பெரிய வலி ஒன்று உண்டு. அது தோழியரின் கேலி. "தண்டவாளம்" என்றும் "கம்பிவேலி" என்றும் பெயர் வைத்துக் கூப்பிடுவது சிரிப்புக்காக இருக்கலாம். கூப்பிடப்பட்டவள் வாயைப் பொத்திக்கொண்டு பேசத் தொடங்குகிறாள். வகுப்பில் எழுந்து வாசிக்கத் தயங்குகிறாள். குழாயடியில் பிறர் காணப் பல் துலக்கக் கூசுகிறாள். முடிவில் அந்தக் கேலி அவள் பல்லையே கெடுத்துவிடுகிறது. நம் உடல் தூய ஆவியின் ஆலயம் என்று புனித பவுல் போதித்தார். ஆலயத்தைத் துப்புரவாக்குகிறவளைப் பார்த்துச் சிரிப்பவர் உண்டா?

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

"ஆண்டவன் கொடுத்த பல்லை ஏன் மாற்ற வேண்டும்? இது வெறும் அழகு மோகம்" என்பார்கள் சிலர். அதில் பாதி உண்மை இருக்கிறது. ஒரு தெத்துப்பல்லுக்காக ஓடிப்போய்க் கிளிப் போட வேண்டியதில்லை. பல் நேரானால் சொத்தை வராது என்று எண்ணுவதும் தவறு. ஆனால் மேற்பல் மிகவும் எடுப்பாக இருந்தால், கீழே விழும்போது அது எளிதில் உடையும். பல் மேல் பல் ஏறி நெருக்கிக்கொண்டிருந்தால் துலக்குவது கடினம். கடி சரியாக அமையாவிட்டால் மெல்லுவதே சிரமம். இவற்றுக்குக் கிளிப் மருத்துவமே ஆகும். தேவையா இல்லையா என்பதைப் பக்கத்து வீட்டார் சொல்ல வேண்டாம், பல் மருத்துவர் சொல்லட்டும்.

"நாளைக்குப் பெண் பார்க்க வருவார்களே" என்பதற்காகக் கிளிப் போடுவதுதான் எனக்கு உடன்பாடில்லாதது. அப்படிச் சொல்லி வளர்க்கும் பெண், தன் பல் யாரோ ஒருவர் பார்த்து மதிப்பிடுவதற்கு என்று எண்ணிக்கொள்கிறாள். கம்பி கழன்றதும் பராமரிப்பும் கழன்றுவிடுகிறது. "உன் பல் அறுபது எழுபது வயதுவரை உனக்கு உழைக்க வேண்டியது" என்று சொல்லி வளர்த்துப் பாருங்கள். அவள் தனக்காகவே துலக்குவாள். கம்பியைக் கழற்றிய பின்னும் பல் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்க, ரீடெய்னர் என்னும் தாங்கியை மருத்துவர் சொல்லும் காலம்வரை அணிய வேண்டும். அந்தப் பொறுமை, தனக்காகச் செய்கிறவளுக்கே வரும்.

நம் வட்டாரத்தில் பீடி சுற்றியும், தையல் தைத்தும், மில்லிலும் கடையிலும் உழைத்தும் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தாய் தந்தையர் ஏராளம். ஒவ்வொரு பீடியாகச் சுற்றி, கட்டுக் கட்டாக அடுக்கிச் சேர்த்த காசு அது. அந்தக் காசைக் கம்பிக்குக் கொடுத்துவிட்டு, பிரஷுக்கும் மாதாந்திர மருத்துவர் வருகைக்கும் கணக்குப் பார்த்தால் முதலே நஷ்டமாகும். கிளிப் போடுமுன் ஆறு மாதம் பிள்ளையின் வாயைக் கவனியுங்கள். சொல்லாமலே இரவில் துலக்குகிறாளா? ஈற்றில் இரத்தம் நின்றதா? ஆம் என்றால் துணிந்து போடலாம்.

பள்ளிக்கு ஒரு வேண்டுகோள்

மதிப்பிற்குரிய அருட்சகோதரிகளுக்கும் ஆசிரியைகளுக்கும் ஒரு சிறு விண்ணப்பம். மதிய உணவு முடிந்ததும், பாடம் தொடங்கும் மணிக்கு முன், பல் துலக்க ஐந்து நிமிடம் ஒதுக்கித் தாருங்கள். குழாயடியில் ஒரு கண்ணாடி மாட்டிவையுங்கள். கிளிப் போட்டவர்கள் மட்டும் போனால் அவர்களுக்குக் கூச்சம். எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து கொப்பளித்தால் அதுவே பள்ளியின் வழக்கமாகிவிடும். கிளிப் போட்ட பிள்ளையின் பையில் ஒரு சிறு டப்பா இருக்கட்டும்: பிரஷ், இடுக்குப் பிரஷ், மெழுகு. பல் மருத்துவரைப் பார்க்க மாதம் ஒரு முறை அரைநாள் விடுப்புக் கேட்டால் மனமுவந்து கொடுங்கள். இதற்குப் பெரிய செலவு ஒன்றுமில்லை. தாமிரபரணித் தண்ணீரும் ஐந்து நிமிடமும் போதும்.

மாணவச் செல்வங்களே! பல் டாக்டர் உங்களை மாதத்தில் பத்து நிமிடம் பார்க்கிறார். மற்ற நாட்களெல்லாம் உங்கள் பல் உங்கள் கையில்தான் இருக்கிறது. கம்பி தன் வேலையை உறங்கும்போதும் செய்யும். உங்கள் வேலையை நீங்கள் விழித்திருந்துதான் செய்ய வேண்டும். இரவு செபம் சொல்லிப் படுக்கப் போகுமுன் நான்கைந்து நிமிடம் கண்ணாடி முன் நில்லுங்கள். இரண்டாண்டு கழித்துக் கம்பியைக் கழற்றும் நாளில், கையால் வாயை மறைக்காமல் மனம் விட்டுச் சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்பு பல்லாண்டு நிலைக்க இறைவன் அருள்வாராக!